அவசரம் எந்த பைட்டோடு முடிகிறது?

தொலைவில் உள்ள கணினியில் ஓடும் நிரலை நிறுத்த கண்ட்ரோல்-சி அழுத்துகிறோம். அந்தக் கட்டளை, முன்பே அனுப்பிய எழுத்துகளுக்குப் பின்னால் வரிசையில் காத்திருந்தால் பயனில்லை. தொலைவிலுள்ள கணினியை இயக்க டெல்நெட் பயன்பட்ட காலத்தில், இத்தகைய தேவைக்காக, இணையத்தில் தரவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையில் ஒரு வசதி இருந்தது: அர்ஜென்ட் பாயிண்டர், அதாவது அவசரச் சுட்டி. பாக்கெட்டின் தலைப்பில் அதற்கு 16 பிட் இடம். அவசரத் தரவு எதுவரை என்று பெறும் கணினிக்கு அது சொல்லும்.

சிக்கல் அந்த ‘எதுவரை’யில்தான். பத்து பைட் போகிறது, ஏழாவது வரை அவசரம் என்று வைத்துக்கொள்வோம். சுட்டி காட்ட வேண்டியது ஏழையா, எட்டையா?

இணையத்தின் விதிகளை எழுதிவைக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்எஃப்சி 793தான் 2022 வரை டிசிபிக்கு அடிப்படையாக இருந்தது. அதன் ஒரு பக்கம் எட்டு என்கிறது. தரவு அனுப்பும் முறையை விவரிக்கும் இன்னொரு பக்கத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏழு வருகிறது. இத்தனைக்கும் எழுதியவர்கள் சொல்லில் அலட்சியமானவர்கள் அல்லர். அன்று எல்லாக் கணினியிலும் பைட் என்றால் 8 பிட் என்ற நிலை இல்லை. அதனால் குழப்பம் வராதிருக்க, எட்டு பிட்டை மட்டுமே குறிக்கும் ‘ஆக்டெட்’ என்றே எழுதினார்கள். அவ்வளவு கவனம் இருந்தும் இந்த முரண் தப்பிவிட்டது.

நிரல் எழுதுகிறவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துதான் ஆகவேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பிஎஸ்டி யூனிக்ஸ் இயங்குதளம் எட்டைத் தேர்ந்தது. 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டியின் நெட்வொர்க் நிரலைப் பல நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. பெர்க்லி வழி எங்கும் பரவியது. 1989 அக்டோபரில் ராபர்ட் பிரேடன் தொகுத்த ஆர்எஃப்சி 1122, ‘ஏழுதான் சரி, மற்றது பிழை’ என்று தீர்த்துவைத்தது. காலம் கடந்த தீர்ப்பு. அதற்குக் கீழ்ப்படிந்தால் மற்ற கணினிகளோடு ஒத்துப்போக முடியாது. லினக்ஸில் 1122இன் பொருளுக்கு மாற ஒரு அமைப்பு உண்டு. இயல்பாக அது அணைந்தே இருக்கும். போட்டால் பிற கணினிகளோடு சரியாகப் பேச முடியாமல் போகலாம் என்று லினக்ஸ் ஆவணமே எச்சரிக்கிறது.

ஒரு பைட்தானே என்று விடமுடியாது. பெர்க்லி வழியில் அவசர பைட் தனியாகப் பிரித்தெடுக்கப்படும். நடுவில் நின்று சோதிக்கும் பாதுகாப்புக் கருவி ஒரு பைட்டையும், பெறும் கணினி வேறொரு பைட்டையும் பிரித்தெடுத்தால், இரண்டும் படிக்கும் செய்தியே வேறாகிவிடும். தாக்குதல் நடத்துகிறவருக்கு அந்த இடைவெளி போதும்.

கடைசியில் 2011 ஜனவரியில் ஆர்எஃப்சி 6093 வந்து, விதியையே நடைமுறைக்கு ஏற்ப எட்டு என்று மாற்றியது. புதிய செயலிகள் இந்த வசதியைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. ஏழோ எட்டோ, எதை வைத்திருந்தாலும் வேலை நடந்திருக்கும். முதலிலேயே ஒன்றை முடிவு செய்யாததால் நல்ல வசதி ஒன்று வீணானது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் இழப்பு.

ஆர்எஃப்சிகளில் விதியின் வலுவைச் சொல்லும் சொற்களுக்கு மட்டும் பொதுவான ஏற்பாடு உண்டு. 1997 மார்ச்சில் ஹார்வர்டின் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119 அவற்றை வரையறுத்தது. ‘மஸ்ட்’ என்றால் செய்தே தீரவேண்டும். ‘மே’ என்றால் விருப்பம். அதிகம் தவறாகப் படிக்கப்படுவது ‘ஷுட்’. செய்தால் நல்லது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். விளைவுகளை முழுக்க எடைபோட்டு, தக்க காரணம் இருந்தால் மட்டுமே விலகலாம் என்பதே அதன் பொருள். ஆங்கிலச் சிறிய எழுத்தில் வந்தாலும் இதே பொருளா என்ற குழப்பம் தீர 20 ஆண்டுகள் ஆயின: பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே என்று 2017இல் பாரி லீபாவின் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது.

‘வரை’, ‘கடைசி’, ‘அடுத்தது’ போன்ற சொற்களுக்கு அப்படி ஏற்பாடு இல்லை; அவற்றை அந்தந்த ஆவணமே வரையறுத்தாக வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரே சொல்லை, எத்தனை முறை வந்தாலும் மாற்றாமல் எழுத வேண்டும். எண்ணோடு ஓர் எடுத்துக்காட்டும் வேண்டும். 793இல் ‘ஏழாவது வரை அவசரம் என்றால் சுட்டி எட்டு’ என்று ஒரு வரி இருந்திருந்தால் முரண் அன்றே வெளிப்பட்டிருக்கும். ஒரு நெறிமுறை முழுத் தரநிலை ஆவதற்கு, தனித்தனியே எழுதிய இரண்டு நிரல்களாவது ஒன்றோடொன்று பேசிக் காட்ட வேண்டும் என்று இணையப் பொறியாளர்கள் விதி வைத்திருக்கிறார்கள். அதில் ‘தனித்தனியே’ முக்கியம். இரண்டும் பெர்க்லி நிரலிலிருந்து பிறந்தவை என்றால் சோதனை தடையின்றி முடியும். ஆவணத்தில் உள்ள முரண் அப்படியே இருக்கும்.