பழைய பிளாப்பியில் உறங்கும் பற்று வரவு

வியாபாரிக்குக் கணக்குதான் கண். சரக்கு போனால் வாங்கிவிடலாம், கணக்கு போனால் வாங்க முடியாது. நம் முன்னோர்கள் சிட்டை, குறிப்பேடு, பேரேடு என்று மூன்று இடத்தில் எழுதி வைத்ததற்குக் காரணம் இதுதான். 1990-களில் நம்மில் பலர் கம்ப்யூட்டருக்கு மாறினோம். பேரேட்டின் இடத்தைப் பிளாப்பி பிடித்தது. இன்று அந்தப் பிளாப்பிகள் பல கடைகளில் பீரோவின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றைப் படிக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை என்று பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட வேண்டாம் என்று சொல்லவே இக்கட்டுரை.

பிளாப்பியில் இரண்டு வகை நம் கடைகளுக்கு வந்தது. ஒன்று ஐந்தேகால் அங்குலம். மெல்லிய உறை, கையில் பிடித்தால் வளையும். மற்றொன்று மூன்றரை அங்குலம், கெட்டிப் பிளாஸ்டிக். மூன்றரை அங்குலத்தைப் படிக்க யு.எஸ்.பி.யில் சொருகும் சிறு டிரைவ் கிடைக்கிறது. ஐந்தேகால் அங்குலத்துக்கு அந்த வசதி இல்லை. பழைய டிரைவைத் தேடித்தான் ஆக வேண்டும்.

எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது?

எங்கள் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் 1993 ஏப்ரல் முதல் மாதம் 200 ரூபாயைச் சம்பளத்திலேயே பிடித்து வைக்கச் சொல்லி, மண்டியில் வரவு வைத்து வந்தார். வருடத்துக்கு 12 சதவீதம் வட்டி. 1998 மார்ச்சில் உடல்நிலை காரணமாக வேலையை விட்டார். "பணம் மண்டியிலேயே இருக்கட்டும், அவசரத்துக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று அப்பாவிடம் சொல்லிப் போனாராம். அப்பா காலமாகி வெகு நாளாயிற்று. கணக்குப்பிள்ளையும் காலமானபின், 2023 ஜூனில் அவர் மனைவி ஒரு சிறு நோட்டுடன் வந்தார். மாதம் 200 என்று கணவர் கையால் எழுதிய வரிசை அதில் இருந்தது. மண்டியின் கையெழுத்து எதுவும் இல்லை.

"ஐயா, இருந்தால் கொடுங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், நான் போய்விடுகிறேன்" என்றார் அந்த அம்மா.

காகிதப் பேரேடுகள் சைதாப்பேட்டைக் கிடங்கில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவை கூழாகிவிட்டன. "ஆதாரம் இல்லாமல் எப்படிக் கொடுப்பது, இடையில் வாங்கியிருந்தால்?" என்று கேட்டான் இப்போது மண்டியைப் பார்க்கும் என் தம்பி மகன். அவன் கேட்டது நியாயமே. அந்த அம்மா கேட்டதும் நியாயமே. நடுவில் நின்றது மாடி அறை பீரோவில் இருந்த 24 பிளாப்பிகள். 1993 ஏப்ரல் முதல் 1999 மார்ச் வரை மூன்று மாதத்துக்கு ஒன்று வீதம் எடுத்து வைத்தவை. எல்லாம் ஐந்தேகால் அங்குலம், 1.2 எம்.பி. வகை.

1992-ல் வாங்கிய 386 கம்ப்யூட்டர் மூலையில் இருந்தது. அதன் ஐந்தேகால் அங்குல டிரைவின் மோட்டார் செத்திருந்தது. எனவே சென்னை ரிச்சி தெருவில் விசாரித்து, காயலான் கடைக்குப் போக இருந்த வேறொரு பெட்டியிலிருந்து கழற்றிய டிரைவ் ஒன்றை வாங்கினோம். தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருவர் கூட இருந்தார். அவர் செய்த முறையை, மற்றவருக்கும் பயன்படும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதல் விதி: கணக்குப் பிளாப்பியைத் தொடாதே

மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் யாரும் லோடு இறக்குவதில்லை. அதுபோல, வாங்கிய டிரைவ் நல்லதா என்று தெரியும்வரை கணக்குப் பிளாப்பியை அதில் போடக்கூடாது. அழுக்கு ஹெட் பிளாப்பியின் மேற்பூச்சைச் சுரண்டிவிடும். எதுவும் எழுதாத அல்லது வேண்டாத பிளாப்பி இரண்டு மூன்றை வைத்தே சோதனை முழுவதும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கணக்குப் பிளாப்பியின் ஓரத்தில் உள்ள சதுர வெட்டை ஸ்டிக்கரால் மூடிவிட வேண்டும். மூடினால் டிரைவ் படிக்கும், எழுதாது. மூன்றரை அங்குலத்தில் இது நேர்மாறு: மூலையில் உள்ள துளை திறந்திருந்தால்தான் எழுதாது.

சோதனை வரிசை

1. பெட்டியைத் திறந்து பாருங்கள். 386, 486 காலத்து போர்டுகள் பலவற்றில் பீப்பாய் வடிவ பாட்டரி பற்றவைத்திருக்கும். அது கசிந்து பச்சை பூத்திருந்தால் முதலில் அதை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். போர்டின் செம்புக் கோடுகளை அது அரித்துவிடும்.

2. மின்சாரம். டிரைவுக்கு வரும் நான்கு ஒயரில் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு இரண்டும் எர்த். மீட்டர் வைத்து அளந்த பிறகே டிரைவைச் சொருக வேண்டும்.

3. கேபிள். பட்டை கேபிளில் 34 கம்பிகள். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது முதல் கம்பி. டிரைவிலும் 1, 2 என்று குறித்த பக்கம் அது வர வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டதும் டிரைவின் விளக்கு எரிந்து அணையாமல் நின்றால், கேபிள் தலைகீழாக இருக்கிறது என்று பொருள். எங்களுக்கு முதல் நாள் கண்டது இதுவே. கேபிள் முனையில் வழிகாட்டும் கட்டை உடைந்திருந்ததால் இருபுறமும் ஏறிவிட்டது. திருப்பிச் சொருகியதும் விளக்கு ஒழுங்காக அணைந்தது.

4. ஜம்பர். கேபிளின் நடுவில் சில கம்பிகள் முறுக்கித் திருப்பப்பட்டிருக்கும். முறுக்குக்கு அப்பால் சொருகினால் அது 'ஏ' டிரைவ், இப்பால் என்றால் 'பி' டிரைவ். இந்த ஏற்பாட்டில் இரண்டு டிரைவிலும் ஜம்பர் இரண்டாவது இடத்தில் இருக்க வேண்டும். 0, 1, 2, 3 என்று எண் போட்டிருந்தால் 1. வேறு கருவியிலிருந்து கழற்றிய டிரைவில் இது 0-ல் இருப்பதுண்டு. அப்படி இருந்தால் கம்ப்யூட்டருக்கு டிரைவ் இருப்பதே தெரியாது.

5. செட்டப். பாட்டரி செத்த கம்ப்யூட்டர் தேதியையும் மறக்கும், எந்த வகை டிரைவ் என்பதையும் மறக்கும். செட்டப்பில் 1.2 எம்.பி., ஐந்தேகால் அங்குலம் என்று மறுபடி குறிக்க வேண்டும். இதைப் பாராமல் நல்ல டிரைவைக் கெட்டது என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

6. மோட்டார். 1.2 எம்.பி. டிரைவ் நிமிடத்துக்கு 360 சுற்று சுற்ற வேண்டும். மிகப் பழைய டிரைவ்கள் சிலவற்றில் ரப்பர் பெல்ட் உண்டு. அது இறுகியோ தளர்ந்தோ போயிருந்தால் வேகம் மாறும், எழுத்து படியாது.

7. ஹெட் நகர்வு. ஹெட் ஓரத்திலிருந்து உள்ளே 80 தடங்கள் நகர வேண்டும். பல வருடம் சும்மா கிடந்த டிரைவில் கிரீஸ் கெட்டியாகி மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைத்துவிட்டு, லேசான மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். ஹெட் முதல் தடத்துக்கு வந்துவிட்டதைக் கண்டு சொல்லும் ஒரு சிறு 'கண்' உள்ளே இருக்கிறது. அதன்மேல் தூசி இருந்தாலும் 'சீக் எர்ரர்' என்று வரும். தூரிகையால் தட்டிவிட்டால் சரியாகும்.

8. ஹெட் சுத்தம். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஹெட். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைக்க வேண்டும். மேல் ஹெட்டை அதிகம் தூக்கினால் அதன் மெல்லிய தகடு வளைந்துவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் கூடவே கூடாது.

9. இரண்டு சோதனை. வேண்டாத பிளாப்பியை இந்த டிரைவிலேயே ஃபார்மட் செய்து, எழுதிப் படித்துப் பாருங்கள். பிறகு வேறு கம்ப்யூட்டரில் எழுதிய பிளாப்பியைப் படித்துப் பாருங்கள். தான் எழுதியதை மட்டும் படித்து, பிறர் எழுதியதைப் படிக்காவிட்டால் ஹெட் வரிசை விலகியிருக்கிறது. எடைக்கல் தேய்ந்த தராசு மாதிரி; தன் கடைக்குள் சரியாகத் தெரியும், வெளியே ஒத்துவராது. அந்தத் திருகுகளைத் தொட வேண்டாம். வேறு டிரைவ் தேடுவதே மேல்.

பேய்ப் பட்டியல்

எங்கள் டிரைவ் இவ்வளவிலும் தேறியது. முதல் கணக்குப் பிளாப்பியைப் போட்டோம், பட்டியல் வந்தது. அதை எடுத்து அடுத்ததைப் போட்டோம். லேபிளில் 1993 ஜூலை என்று இருக்கிறது. திரையில் ஏப்ரல் மாதப் பட்டியலே மறுபடி வருகிறது! மூன்றாவதைப் போட்டாலும் அதே ஏப்ரல்.

மெக்கானிக் தம்பி உடனே நிறுத்தச் சொன்னார். பிளாப்பி மாறியதை டிரைவ் 34-வது கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பழையதே உள்ளே இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் தன் நினைவில் உள்ள பட்டியலைக் காட்டும். இந்த நிலையில் எதையாவது எழுதினால், ஏப்ரலின் பட்டியலை வைத்துக்கொண்டு ஜூலைப் பிளாப்பியில் எழுதி, அதைப் பாழாக்கும். சதுர வெட்டை மூடி வைத்திருந்ததால் எங்களுக்குச் சேதம் இல்லை. டிரைவின் பின்புறம் 'டி.சி.' என்று குறித்த இடத்தில் ஜம்பர் இல்லாததே காரணம். ஒன்றைப் போட்டதும் சரியாயிற்று. உங்கள் டிரைவில் ஜம்பர் சரியாக இருந்தும் இப்படி வந்தால், கேபிளில் அந்தக் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பூஞ்சை பிடித்தது கடைசியில்

நம் ஊர் ஈரத்தில் பிளாப்பியில் பூஞ்சை பிடிக்கும். உறையின் நீள்துளை வழியே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இப்படிப்பட்டதை முதலில் போட்டால் ஹெட் அழுக்காகி, பின்னால் வரும் நல்ல பிளாப்பிகளையும் கெடுக்கும். அழுகிய வெங்காயத்தைத் தனியாகப் பிரிப்பதுபோல, நான்கைத் தனியே வைத்து, மற்ற 20-ஐ முதலில் எடுத்தோம். அத்தனையும் முழுதாக வந்தன. 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்' என்று கேட்கும்போது அவசரப்படாமல் ரீட்ரை கொடுத்தால் நாலாவது ஐந்தாவது முறையில் படிப்பதும் உண்டு. பூஞ்சை பிடித்த நான்கில் மூன்று பாதி வந்தன. 1998 ஜனவரி - மார்ச் பிளாப்பி மட்டும் ஒரு எழுத்தும் வரவில்லை. வருட முடிவு இருப்பு அதில்தான்.

இங்கே நம் கணக்கு அறிவு கை கொடுத்தது. சென்ற வருட முடிவு இருப்பே மறு வருட ஆரம்ப இருப்பு. 1998 ஏப்ரல் பிளாப்பியில் கணக்குப்பிள்ளை பேரில் ஆரம்ப இருப்பு 11,220 ரூபாய் என்று இருந்தது. 1997 டிசம்பர் முடிய இருப்பு 9,536. மூன்று மாதத்துக்கு 600. வருட வட்டி 1,084. கூட்டினால் 11,220. படிக்காத பிளாப்பியில் இருந்தது தெரிந்துவிட்டது. 1996 ஏப்ரலில் மகள் திருமணத்துக்கு 4,000 பற்று எடுத்திருந்ததும் கிடைத்தது. அந்த நோட்டில் இது இல்லை. சொன்னதும் அந்த அம்மா, "ஆமாம், நகைக்குக் கொண்டு வந்தார்" என்றார். ஏப்ரலுக்குப் பின் பற்று எதுவும் இல்லை. வேலை விட்ட நாளிலிருந்து 2023 மார்ச் வரை 25 வருடத்துக்குத் தனி வட்டி 33,660. ஆக 44,880 ரூபாய். தம்பி மகன் தன் கையாலேயே காசோலை எழுதிக் கொடுத்தான்.

வணிகர்கள் கவனத்துக்கு

எடுத்த கணக்கைப் பிளாப்பியிலேயே விட்டுவைக்கக் கூடாது. நாங்கள் அதே கம்ப்யூட்டரின் மூன்றரை அங்குல டிரைவில் நகல் எடுத்து, யு.எஸ்.பி. டிரைவ் வழியாக இன்றைய கம்ப்யூட்டருக்கு மாற்றினோம். அந்நாளைய டி.பி.எஃப். கோப்புகளை இன்றைய விரிதாள் மென்பொருள்கள் சில அப்படியே திறக்கின்றன. சோனி நிறுவனம் 2011 மார்ச்சோடு பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. இருக்கும் டிரைவ்களும் வருடா வருடம் குறைகின்றன. எடுக்க வேண்டியவர்கள் தாமதிக்க வேண்டாம்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். அது சர்க்காருக்குச் சொல்ல வேண்டிய கணக்கு. மனிதருக்குச் சொல்ல வேண்டிய கணக்குக்குக் காலக்கெடு கிடையாது. பென் டிரைவும் ஹார்ட் டிஸ்கும் ஒருநாள் இதே பிளாப்பி நிலைக்கு வரும். எனவே கணக்கை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று கடையில், மற்றொன்று வேறு கட்டடத்தில். ஆட்கள் பேரில் உள்ள இருப்புகளை மட்டுமாவது வருட முடிவில் காகிதத்தில் எடுத்துக் கையெழுத்திட்டு, அவரவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். புதுக்கணக்கு போடும் நாளில், பழைய கணக்கும் திறக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.