வயல் நஞ்சும் ஓடை உயிர்களும்

உயிர்கள் யாவும் நீரிலிருந்து படைக்கப்பெற்றன என்பது திருமறை தரும் செய்தி. அந்நீரில் இன்று பயிர்காக்கத் தெளிக்கும் நஞ்சு கலந்து வருகின்றது. வயலில் தெளிக்கப்படும் மருந்து வயலோடு நின்றுவிடுவதில்லை. மழைநீரிலும் வடிகால் நீரிலும் கரைந்தும், மண்துகளில் ஒட்டியும் அது ஓடையை அடைகின்றது. அங்கு அது விளைக்கும் கேட்டினை அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

ஓடையின் சிற்றுயிர்கள்

ஓடையின் அடியில், கற்களின் இடுக்குகளில், தும்பி முதலிய பூச்சிகளின் இளவுயிர்களும் இறால்களும் நத்தைகளும் வாழ்கின்றன. சில, நீரில் விழும் சருகுகளைத் துணுக்குகளாக்குகின்றன. சில, கல்மேல் படரும் பாசியை மேய்கின்றன. இவற்றை உண்டு மீன்களும், மீன்களை உண்டு கொக்கும் மீன்கொத்தியும் வாழ்கின்றன.

பூச்சிக்கொல்லிகள் பலவும் பூச்சியின் நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை. பயிரை அழிக்கும் பூச்சி எது, ஓடையைக் காக்கும் பூச்சி எது என்று பிரித்தறியும் ஆற்றல் நஞ்சுக்கு இல்லை. கொல்லாத சிற்றளவிலும் அது இளவுயிர்களின் பிடிப்பைத் தளர்த்துகின்றது. அவை நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படுகின்றன. அவை அருகினால் சருகு மக்குவது தாமதிக்கும், பாசி மிகும், மீனுக்கு இரை குறையும். மீன் செத்து மிதந்தால் ஊரே அறியும். மீனின் இரை மறைவதை எவரும் காண்பதில்லை.

சிஞ்சி ஏரி தரும் சான்று

ஜப்பான் நாட்டின் சிஞ்சி ஏரியில் சுற்றுப்புற நெல்வயல்களின் வடிநீர் ஆறுகள் வழியாக வந்து சேர்கின்றது. 1993ஆம் ஆண்டு இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிக்கொல்லி அங்குப் பயன்பாட்டுக்கு வந்தது. அதனையடுத்து ஏரியில் மிதந்து வாழும் நுண்ணுயிர் விலங்குகள் பெரிதும் குறைந்தன. அவற்றை உண்ணும் வாக்கசாகி மீனின் ஆண்டுப் பிடிப்பு 240 டன்னிலிருந்து 22 டன்னாக வீழ்ந்தது. நஞ்சு மீனை நேரே கொல்லாமல், இரையை அழித்து மீனை அருகச் செய்தது என்பது 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வின் கருத்தாகும்.

இந்தோனேசியா காட்டிய வழி

இந்தோனேசியாவில் புகையானை ஒழிக்க மேன்மேலும் மருந்து தெளித்தனர். புகையானை உண்ணும் சிலந்திகள் மாண்டன, புகையானோ பெருகிற்று. 1986இல் அரசு, நெல்லுக்குத் தெளிக்கப்பட்ட 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது. பின்னர் வயலையே பள்ளியாக்கி, நன்மை செய்யும் பூச்சிகளை இனங்காண உழவர்க்குக் கற்பித்தது. மருந்துப் பயன்பாடு குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

நம் கடமை

கடன்பட்டுப் பயிரிட்ட உழவர் பூச்சியைக் கண்டு அஞ்சுவது இயல்பே. அவரைப் பழிப்பது முறையன்று. வழிகாட்டுவதே முறை. பூச்சியின் அளவை வயலில் இறங்கிக் கண்ட பின்னரே தெளித்தல், மழைக்குறி தோன்றும் நாளில் தெளிக்காதிருத்தல், கரையோரம் புல்லும் மரமும் வளரவிடுதல், தெளிப்பானை ஓடையில் கழுவாதிருத்தல் ஆகியவை எவர்க்கும் இயல்வன. மாணவரும் ஜமாஅத் பெரியோரும் இவற்றை ஊர்தோறும் எடுத்துரைக்கலாம்.

நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஓடும் ஆற்றில் ஒளூச் செய்யும்போதும் வீண்விரயம் கூடாதென அறிவுறுத்தினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நீரை வீணாக்குவதே தகாதெனின், அதனை நஞ்சாக்குவது எங்ஙனம் தகும்?