விற்பனைக்கு அல்லாத இசைத்தட்டு

தபால் தலை சேர்ப்போரை நாம் அறிவோம். பழங்காசு சேர்ப்போரையும் அறிவோம். இசைத்தட்டு சேர்ப்போர் என்றும் ஒரு கூட்டத்தார் மேலைநாடுகளில் உண்டு. அவர்களுள்ளும் ஒரு சாரார் கடையில் விற்ற தட்டுகளைப் பெரிதாக மதிப்பதில்லை. விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டு இலவசமாக வழங்கிய தட்டுகளையே தேடி அலைகின்றனர். விலையின்றிக் கொடுத்த பொருள் பின்னாளில் பெருவிலை பெறுவது எவ்வாறு? பீட்டில்ஸ் குழுவின் முதல் தட்டைக் கொண்டே இதனை விளக்கலாம்.

அக்காலத்தில் ஒரு புதுப்பாட்டு மக்களைச் சென்றடைய வானொலியே வழி. ஆதலால் இசைத்தட்டுக் கம்பெனிகள், பாட்டு கடைக்கு வருமுன்பே சில நூறு தட்டுகளைத் தனியாக அச்சிட்டு, வானொலி நிலையத்தாருக்கும் பத்திரிகை விமரிசகருக்கும் அனுப்பி வைக்கும். இவையே மாதிரித் தட்டுகள். கடைத் தட்டிலிருந்து வேறுபடுத்திக் காட்ட இவற்றின் லேபிள் வேறு நிறத்தில் இருக்கும். இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கத்தை ஒலிபரப்ப வேண்டும் என்று அறிவிப்பாளர் தடுமாறாமலிருக்க, 'ஏ' என்னும் எழுத்தைப் பெரிதாகப் பொறித்திருப்பார்கள். அறிவிப்பாளர் ஒருமுறையோ இருமுறையோ போடுவார். பாட்டு பிடிக்கவில்லையெனில் அதுவும் இல்லை. பிறகு தட்டு மூலையில் கிடக்கும், அல்லது குப்பைக்குப் போகும். காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பேணுவதுபோல் இலவசப் பொருளை யார் பேணுவர்? அச்சிட்டதே சிலநூறு, அதிலும் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியவை அரியனவாயின.

'லவ் மீ டூ' என்னும் பாட்டு 1962 அக்டோபர் 5-ஆம் நாள் இங்கிலாந்தில் வெளியாயிற்று. ஈ.எம்.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த பார்லபோன் லேபிள் அதனை வெளியிட்டது. (நாய்ப்படம் போட்ட ஹெச்.எம்.வி. தட்டுகளை நம் தாத்தாமார் கேட்டார்களே, அவையும் இதே ஈ.எம்.ஐ. குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.) ஏழு அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று, மறுபக்கத்தில் 'பி.எஸ். ஐ லவ் யூ'. கடைக்கு வந்தது சிவப்பு லேபிள். மாதிரித் தட்டுக்கோ வெள்ளை லேபிள், அதன்மேல் சிவப்பில் பெரிய 'ஏ'. அச்சானவை ஏறத்தாழ 250 மட்டுமே என்பர்.

இந்த 250 தட்டுகளில் ஒரு வேடிக்கை நேர்ந்துவிட்டது. பாட்டை இயற்றிய இருவருள் பால் மெக்கார்ட்னியின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டு, 'மெக்ஆர்ட்னி' என்று படிக்கும்படி அச்சாகிவிட்டது. லிவர்பூல் நகரத்துப் பையன் ஒருவன். அவன் பெயரைப் பிழையின்றி அச்சிட வேண்டுமென்று அன்று யாரும் கவலைப்படவில்லை போலும்! கடைத் தட்டில் பிழை திருத்தப்பட்டது. திருத்தப்படாத பிழையே இன்று பொன்னாயிற்று: 2017-இல் இத்தகைய தட்டு ஒன்று டிஸ்காக்ஸ் என்னும் சந்தையில் 14,757 டாலருக்கு விலைபோனது.

ஆயினும் அச்சுப்பிழைக்கு இத்தனை விலையா என்று நகைத்து அப்பால் செல்ல வேண்டா. பொருட்படுத்த வேண்டிய செய்தி லேபிளில் இல்லை, வரிப்பள்ளத்தில் இருக்கிறது.

இப்பாட்டை அவ்வாண்டில் மூன்று முறை ஒலிப்பதிவு செய்தனர். ஜூன் 6-இல் டிரம்ஸ் வாசித்தவர் பீட் பெஸ்ட். அவர் ஆகஸ்டில் விலக்கப்பட்டார். செப்டம்பர் 4-இல் புதிதாகச் சேர்ந்த ரிங்கோ ஸ்டார் வாசித்தார். தயாரிப்புத் தரப்பாருக்கு அது நிறைவளிக்கவில்லை. செப்டம்பர் 11-இல் ஆண்டி ஒயிட் என்னும் தொழில்முறைக் கலைஞரைக் கூலிக்கு அமர்த்தி மீண்டும் பதிவு செய்தனர். குழுவில் சேர்ந்து ஒரு மாதமும் நிறையாத ரிங்கோவின் கையில் டாம்பரின் ஒன்றைக் கொடுத்து நிறுத்திவிட்டனர். அந்த இளைஞரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! டாம்பரின் ஒலி கேட்டால் அது ஆண்டி ஒயிட்டின் பதிவு, கேட்காவிட்டால் ரிங்கோவின் பதிவு என்று இன்றும் செவியாலேயே பிரித்தறியலாம்.

மாதிரித் தட்டிலும் முதற்கடைத் தட்டிலும் இடம்பெற்றது ரிங்கோவின் பதிவே. 1963-இல் வந்த முதல் நெடுந்தட்டில் ஒயிட்டின் பதிவைச் சேர்த்தனர். பின்னர் அச்சான ஒற்றைத் தட்டுகளுக்கும் அதுவே நிலைத்தது. 1964-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததும் அந்தப் பதிவுதான். ரிங்கோவின் பதிவுக்குரிய மூல ஒலிநாடா பாதுகாக்கப்படவில்லை. உலகப் புகழ் பெற்ற ஒரு குழுவின் முதல் வெளியீடு, மூலமின்றிப் போய்விட்டது! பிற்காலத்தில் அதனை மீண்டும் வெளியிட விரும்பியபோது, யாரோ பத்திரமாக வைத்திருந்த பழைய தட்டில் ஊசியை வைத்து அதிலிருந்தே பிரதி எடுக்க நேர்ந்தது. பழந்தட்டு சேர்ப்போரைப் பித்தர் என்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். கம்பெனி கைவிட்டதை அவர்கள் அலமாரிகளே காத்தன.

எல்லா அரிய தட்டும் இத்தகைய பெருமை உடையதன்று என்பதையும் கூறவேண்டும். குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' 1975-இல் வந்த பாட்டு. 1978-இல் ஏற்றுமதிக்காக அரசியாரின் விருது கிடைத்தபோது, ஈ.எம்.ஐ. அப்பாட்டை நீலநிறத் தட்டில் 200 படிகள் அச்சிட்டு எண்ணிட்டு வழங்கியது. குயீன் என்றாலே அரசிதானே. பெயர்ப் பொருத்தம் நன்று. அதற்கும் பெருவிலை உண்டு. ஆனால் அதில் உள்ள பாட்டு எந்தக் கடைத்தட்டிலும் உள்ள பாட்டுதான். அரிதாக வேண்டும் என்று எண்ணியே அரிதாக்கிய பொருள் அது. என் மனம் அதில் அவ்வளவு ஒன்றுவதில்லை.

வாங்க நினைப்போர் போலித் தட்டுக்கு அஞ்சவேண்டும். லேபிளைப் பார்த்து அச்சடிப்பது எளிது. பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றி வெறுமையாக இருக்கும் வளையத்தைச் சாய்வெளிச்சத்தில் நோக்கினால், அச்சுத் தகட்டின் எண் பொறித்திருக்கும். 'லவ் மீ டூ' பக்கத்தில் அதில் 17144 என்னும் எண் இருக்கும், மறுபக்கத்தில் 17145. அறிந்தோர் முதலில் பார்ப்பது அந்த வளையத்தையே.

பொன்விழாவை ஒட்டி 2012 அக்டோபரில் ஈ.எம்.ஐ. பழைய சிவப்பு லேபிளோடு இத்தட்டை மறுபடியும் அச்சிட்டது. லேபிள் அச்சு அசல் பழையதே. ஊசியை வைத்தால் டாம்பரின் ஒலித்தது! ஆண்டி ஒயிட்டின் பதிவைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டனர். தட்டுகளைத் திரும்பப் பெற்று, ரிங்கோவின் பதிவோடு வேறு தட்டு அச்சிட்டனர். திரும்பி வராமல் தப்பிய அந்தத் தவறான தட்டுகளையும் இப்போது சேர்த்து வைக்கிறார்கள்.