வீடு மாறலாம், முகவரி மாற வேண்டாம்

1985 செப்டம்பர் 15 அன்று பாலசமுத்திரத்தில் ஒரு வீடும் இடம்பெயரவில்லை. முகவரி மட்டும் மாறியது. அதுவரை மதுரை மாவட்டம் என்று எழுதியவர்கள், புது மாவட்டம் பிறந்ததால் திண்டுக்கல் என்று எழுத வேண்டியதாயிற்று. பழைய முகவரியில் வந்த கடிதங்களும் தொலைந்துவிடவில்லை. பழனி வரை வந்துவிட்டால் போதும், மற்றது தபால்காரர் பாடு.

வலையில் அந்தத் தபால்காரர் இல்லை. இதைத் தமிழ் வலைப்பதிவர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 2012-இல் கூகுள், பிளாக்ஸ்பாட் டாட் காம் தளங்களை இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிட்டது. அந்த முகவரியையே நம்மவர்கள் நகலெடுத்துப் பகிர்ந்தார்கள், பத்திரிகைகளிலும் அச்சிட்டார்கள். 2020-இல் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற அந்தப் பெயர் கூகுளின் கையை விட்டுப்போய் வேறொருவர் பெயரில் பதிவானது. எழுதியதெல்லாம் டாட் காமில் பத்திரமாகவே இருந்தது. பகிர்ந்த சுட்டிகள்தாம் செத்துப்போயின. உலகத்துக்கே பெயர்ப்பலகை மாட்டும் நிறுவனத்துக்கே இந்தக் கதி!

ஆகவே பாலசமுத்திரத்தில் இருந்துகொண்டு கொய்யாத் தோப்பைப் பற்றியோ பாலாறு பொருந்தலாறு அணையைப் பற்றியோ எழுத நினைக்கும் ஒருவருக்கு நான் சொல்வது இதுதான்: இடத்தை இரவல் வாங்குங்கள், பெயரைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

இடம் இரவலாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. வேர்ட்பிரஸ் போன்றவை, ஒருவர் பக்கத்தைக் கேட்கும்போது தரவுத்தளத்தைத் துழாவி அந்தப் பக்கத்தைச் சமைத்துக் கொடுப்பவை. ஓட்டலில் தோசை கேட்பது மாதிரி. நாம் அமைக்கப்போகும் நிலைப்பக்கத் தளம் பழனிப் பஞ்சாமிர்தம். முன்பே செய்து டப்பாவில் அடைத்தாயிற்று. கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அடுப்பே வேண்டாம் என்பதால் கொடுப்பவருக்குச் செலவு சொற்பம். பக்கமும் மெலிந்திருக்கும், கொடைக்கானல் மலைப்பாதையில் ஒற்றைக் கோட்டு சிக்னலில்கூடத் திறந்துவிடும்.

செய்முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டில் எழுதுகிறோம். ஜெகில் அல்லது ஹியூகோ என்ற இலவச மென்பொருள் அதைப் பக்கங்களாக்குகிறது. கிட்ஹப்பில் கணக்குத் தொடங்கி அவற்றை ஏற்றினால், 2008 முதல் நடந்துவரும் கிட்ஹப் பேஜஸ் சேவை வெளியிட்டுவிடும். தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும்; மாதப் போக்குவரத்து 100 ஜிபி வரை. எழுத்துக்கு இது ஏராளம். ஆனால் இலவசக் கணக்கில் மூலக்கோப்புகள் ஊர் பார்க்கத்தான் கிடக்கும். அரைகுறை வரைவுகளை அங்கே வைக்காதீர்கள். கடை நடத்தவும் அனுமதியில்லை. ஆயக்குடிக் கொய்யாவைப் பற்றி எழுதலாம், ஆர்டர் பிடிக்க முடியாது.

பெயரிலும் இலவசம் தேடுபவர்கள் உண்டு. டொக்கெலாவ் என்ற சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்தின் டாட் டிகே முகவரிகளை ஃப்ரீனம் நிறுவனம் சும்மா கொடுத்தது. மோசடிக்காரர்கள் மொய்த்தார்கள். 2023-இல் மெட்டா அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. புதுப் பதிவுகள் நின்றன. அடுத்த ஆண்டே ஃப்ரீனம் அந்தத் தொழிலை விட்டது.

டாட் இன் பெயருக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். வாங்கிய பிறகு அதைக் கிட்ஹப்போடு இணைக்க வேண்டும். இங்கேதான் பலர் மிரள்கிறார்கள். பாலசமுத்திரம், பழனி வட்டம், திண்டுக்கல் மாவட்டம் என்ற முகவரியைத் தபால்துறை கடைசியிலிருந்துதானே பிரிக்கும்? வலையும் அப்படித்தான். முதலில் டாட் இன் எங்கே என்று பார்க்கும், பிறகு அதற்குள் உங்கள் பெயர். அந்தப் பெயருக்கு நேரே, பெயரை விற்ற பதிவாளர் தரும் டிஎன்எஸ் என்ற முகவரிப் பட்டியலில், கிட்ஹப்பின் 4 ஐபி எண்களை எழுத வேண்டும்: 185.199.108.153-இல் தொடங்கி மூன்றாவது பகுதி 111 வரை. அதே பெயரைக் கிட்ஹப் அமைப்பிலும் எழுதி, எச்டிடிபிஎஸ் கட்டத்தைச் சொடுக்கினால் பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழும் இலவசமாக வரும். உலகமெங்கும் மாற்றம் பரவ ஒரு நாள் வரை ஆகலாம். பொறுமை இல்லாமல் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கெடுத்தவன் நான்.

டாட் இந்தியா என்று தமிழிலேயே முகவரி வாங்கவும் வழியுண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே அது எக்ஸ்என் என்று தொடங்கும் ரோமன் எழுத்துச் சரமாக மாறுகிறது. வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சில சமயம் அந்தப் பூதம்தான் வெளியே தெரிகிறது. வாங்குவதானால் இரண்டாவது பெயராக வாங்குங்கள்.

நாளை கிட்ஹப் கதவைச் சாத்தினாலும் கவலையில்லை. கோப்புகள் உங்கள் கணினியில் இருக்கும். இதே மாதிரிச் சேவைகளான நெட்லிஃபையிலோ கிளவுட்ஃப்ளேர் பேஜஸிலோ ஏற்றி, டிஎன்எஸ் பட்டியலைத் திருத்தினால் வாசகருக்கு வீடு மாறியதே தெரியாது.

பெயரைக் காசு கொடுத்து வாங்குங்கள் என்றேனே, கறாராகச் சொன்னால் அது குத்தகைதான். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டு. கணினிக் கடைக்காரர் பதிந்து தருகிறேன் என்றால், அவர் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலும் பதிய விடாதீர்கள். உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைப்பேசி எண். புதுப்பிக்க வேண்டிய தேதியை வீட்டு நாள்காட்டியில் எழுதி, ரசீதைத் தோப்புப் பத்திரத்தோடு வையுங்கள்.