கைக்கு ஸ்டான்லி இருக்கிறது... காலுக்கு?

வடசென்னைப் பிள்ளைகளுக்கு விளையாட மைதானம்தான் வேண்டும் என்றில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை பள்ளிக்கூடத்து வெட்டவெளி, கடலோர மணல், லாரி நிற்காத நேரத்துச் சாலையோரம் என எங்கே இடம் கிடைத்தாலும் இரண்டு செங்கல்லை நட்டு கோல்போஸ்ட் ஆக்கிவிடுவார்கள். குத்துச்சண்டையோ இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வருவது. இந்தப் பிள்ளைகளுக்குக் காலில் அடிபட்டால் என்ன நடக்கும் என்பதும் ஊரறிந்ததுதான். பிசகினால் புத்தூர் கட்டு. வீங்கினால் ஐஸ். வலி நிற்கவில்லை என்றால் மெடிக்கலில் ஒரு மாத்திரை, மேலே ஒரு ஸ்ப்ரே, மறுநாள் மறுபடி கிரவுண்டு. அந்தக் கால் ஏன் திரும்பத் திரும்ப வலிக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை.

அப்படிப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்தான் விளையாட்டுப் பாத மருத்துவர். போடியாட்ரிஸ்ட் என்பார்கள். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் அதன் மேல் விழுகிறது. 50 கிலோ பையன் ஓடினால் ஒரு பாதம் 100 முதல் 150 கிலோ வரை தாங்க வேண்டும். ஒரு முறையல்ல, ஒரே மாலையில் ஆயிரக்கணக்கான முறை.

பாத மருத்துவரின் பரிசோதனை பெரிய கருவியில் தொடங்குவதில்லை, பழைய பூட்ஸில் தொடங்குகிறது. குதிகாலின் வெளிப்பக்கம் லேசாகத் தேய்ந்திருந்தால் அது இயல்பு. ஒரு காலின் உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால், அந்தப் பாதம் உள்நோக்கிச் சாய்கிறதோ என்று பார்க்க வேண்டும். அண்ணன் போட்டுக் கழித்த பூட்ஸ் என்றால் முனையில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருப்பார்கள். உள்ளே கால் வழுக்கிக்கொண்டே இருக்கும், விரல்கள் செருப்பைப் பிடிப்பதுபோல மடங்கிக்கொள்ளும், நகம் கறுக்கும். பிறகு காலை நனைத்து சிமென்ட் தரையில் ஓர் அடி வைக்கச் சொல்வார். ஈரத்தடத்தில் நடுப்பகுதி முழுதாகப் பதிந்தால் தட்டைப் பாதமாக இருக்கலாம். குதிகாலும் முன்பாதமும் தனித்தனியாகத் தெரிந்தால் வளைவு அதிகம். அடுத்து ஒற்றைக் காலில் நிற்கவைத்துக் குதிகாலைத் தூக்கச் சொல்வார். ஓடவிட்டுப் பின்னாலிருந்து பார்ப்பார். கேமராவும் அழுத்தத்தை அளக்கும் தகடும் அதற்குப் பிறகுதான்.

இரண்டு விஷயங்களைப் பெற்றோரும் பயிற்சியாளர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, 8 வயதிலிருந்து 14 வயது வரை ஓடியாடும் பிள்ளைகளுக்கு வரும் குதிகால் வலி. அந்த வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் முழுதாக இணைந்திருக்காது. கெண்டைக்கால் தசைநார் அதைப் பிடித்து இழுக்க இழுக்க வலிக்கும். கட்டாந்தரையும் குஷன் இல்லாத பூட்ஸும் அந்த வலியைக் கூட்டும். ஓய்வு, குதிகாலுக்கு ஒரு மெத்தை, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி ஆகியவற்றிலேயே இது சரியாகும். 'நடிக்கிறான்' என்று திட்டி ஓடவிடுவதுதான் கேடு.

இன்னொன்று அழுத்த முறிவு. விழாமல், அடிபடாமல், ஓடி ஓடியே எலும்பில் கீறல் விழும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் அது தெரியாது. 'எலும்பு நல்லா இருக்கு' என்ற ஒரு வார்த்தையை நம்பிப் பையன் மைதானத்துக்குத் திரும்புவான். கீறல் முழு முறிவாகும். நடுப்பாதத்தில் இது வந்தால் விளையாட்டு வாழ்க்கையே முடிந்துபோகக்கூடும்.

பாதத்தைக் கவனிக்கும் இந்த அறிவு நமக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல. ராயபுரத்திலேயே வேர் இருக்கிறது. பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-ல் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனை இங்கேதான் இயங்குகிறது. சர்க்கரையால் உணர்விழந்த பாதங்களைக் காப்பாற்றும் வேலை அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் தொட்டு, 'தெரியுதாம்மா?' என்று கேட்பார்கள். தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். செருப்பின் உள்தளத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று அந்த மருத்துவமனையினர் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட முடிவு மறக்கக் கூடாதது. சாதாரணச் செருப்பையே தொடர்ந்தவர்களில் 33 சதவீதம் பேருக்குப் புதிய புண் வந்தது; மென்மையான சிறப்புத் தளம் வைத்த செருப்பு அணிந்தவர்களில் வெறும் 4 சதவீதம். செருப்பும் மருந்துதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த வேர் வேலூர் வரை போகிறது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கை, கால்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். பாதம் புண்ணாவது நோய்க்கிருமியால் மட்டுமல்ல, வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தாலும்தான் என்று கண்டவர். மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்பு அந்தத் தேடலில் உருவானது. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்றதை அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்குப் பயன்படுத்தினார். மிதமான அழுத்தம்கூட ஓய்வில்லாமல் தொடர்ந்தால் திசு சிதையும் என்பது அவர் நிறுவிய பாடம். ஓட்டக்காரரின் எலும்புக் கீறலுக்கும் இதே கணக்குதான். தொழுநோயாளிக்கு வலி தெரியவில்லை. விளையாட்டு வீரர் வலியைத் தெரிந்தே பொறுத்துக்கொள்கிறார்.

அப்படிப் பொறுத்துக்கொண்டவர் ஸ்வப்னா பர்மன். மேற்கு வங்கத்து ஜல்பைகுரியின் ஏழை வீட்டுப் பெண். இரு பாதங்களிலும் ஆறாறு விரல்கள். ஐந்து விரலுக்குத் தைத்த ஷூவுக்குள் அவற்றை நெருக்கி வைத்துக்கொண்டு ஓடி, தாண்டி, எறிந்து, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு ஹெப்டத்லானில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவருடைய பாதத்தை அளந்து அடிடாஸ் தனி ஷூ செய்து தந்தது தங்கத்துக்குப் பிறகு, 2019-ல். ஒரு பாத மருத்துவர் அவரைப் பள்ளி வயதிலேயே பார்த்திருந்தால் எத்தனை வருட வலி மிச்சமாகியிருக்கும்! அப்படி ஒரு ஷூவை நம் ஊரிலேயே செய்யலாம். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன. தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில் இருக்கிறது. கைத்திறனுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பின் 4 ஆண்டுப் பாத மருத்துவப் படிப்பு, அதற்கும் மேல் 3 ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. பிரிட்டனில் அதற்கென்று தனிப் பட்டமே உண்டு. இந்தியாவில் அந்த அளவுக்கு முழுமையான பாதை இன்னும் அமையவில்லை. 2021-ல் வந்த இணை சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் போடியாட்ரிஸ்ட் என்ற பெயர் இடம்பெற்றது. அது நல்ல தொடக்கம். இன்றைக்கு இந்த வேலைக்கு வருகிறவர்கள் பிசியோதெரபி படித்தோ, செயற்கை உறுப்பு மற்றும் துணைக்கருவிப் படிப்பு முடித்தோ, எம்.பி.பி.எஸ். முடித்து எலும்பியலுக்கோ விளையாட்டு மருத்துவத்துக்கோ போயோதான் வருகிறார்கள். சில வாரப் பயிற்சிச் சான்றிதழைக் காட்டி 'பாத நிபுணர்' என்று பலகை மாட்டுவது ஆபத்து. அடிப்படைப் பட்டம் முதலில், பாதம் பிறகு.

வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் இயந்திரத்தில் கை சிக்கி, விரல் துண்டாகி வந்தவர்களுக்காகப் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1970-களில் அங்கே கை அறுவை சிகிச்சைப் பிரிவை வளர்த்தெடுத்தார். நாடே அவரிடம் கற்க வந்தது. எதற்கு அவசியம் இருந்ததோ அதற்கு ஒரு துறை பிறந்தது. இன்று அதே வடசென்னையில் கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் ஓட்டத்துக்கும் பிள்ளைகள் திரள்கிறார்கள். அதே ஸ்டான்லியில் வாரத்துக்கு இரண்டு மாலையாவது விளையாட்டுப் பாதப் பிரிவு ஒன்றைத் திறக்க வேண்டும்: ஓர் எலும்பு மருத்துவர், ஒரு பிசியோதெரபிஸ்ட், உள்தளம் செய்யத் தெரிந்த ஒருவர் போதும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சுகாதாரத் துறையும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது; பெரிய கட்டடம் கேட்கும் வேலை அல்ல.

அதுவரை பெற்றோருக்கும் மாஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வலி என்று பிள்ளை சொன்னால், உருவிவிடாதீர்கள், கட்டுப் போடாதீர்கள். விளையாட்டை நிறுத்தி, பழைய பூட்ஸையும் கையோடு எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.