வண்டியிற் பொருத்திய காற்றுத் தாங்கியைப் பேணல்

தெல்தோட்டை, கலகா போன்ற கண்டி மலைப்பகுதிகளில், சேற்றுப் பாதையிற் செல்லும் ஜீப் வண்டியின் ரயர்க் காற்றைச் சிறிது குறைத்தால், ரயர் அகன்று நிலத்தை நன்கு பற்றும். தார் வீதியை அடைந்ததும் மீண்டும் நிரப்பாவிடின் அது சூடேறிக் கெடும். இதற்கெனச் சிலர் இயந்திரப் பட்டியால் இயங்கும் காற்றமுக்கும் பம்பியையும் இரும்புத் தாங்கியையும் வண்டியிலேயே பொருத்துவர்.

சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அமுக்கத்தில் காற்று ஏறக்குறைய எட்டிலொரு பங்காகச் சுருங்கும். அதிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராகி, தாங்கியின் அடியில் தேங்கி, இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். அரிப்புண்ட தாங்கி வெடித்து உயிருக்கே தீங்கு விளைக்கலாம்.

ஆதலின், நாள்தோறும் வேலை முடிந்ததும் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து நீரை வெளியேற்றுக. பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்கலாகாது. துரு அரித்த தாங்கியை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தாது, மாற்றிவிடுக.