தட்டு நாணயமான கதை

நாணயம் என்றதும் வட்ட வடிவமே நம் மனக்கண்முன் தோன்றும். இங்கிலாந்திலே, டிரெண்ட் ஆற்றங்கரையிலுள்ள நியூவார்க் நகரில் 1645, 1646 ஆம் ஆண்டுகளில் வெளியான வெள்ளி நாணயங்களோ சாய்சதுரமானவை. உள்நாட்டுப் போரில் அந்நகர் மன்னர் முதலாம் சார்லஸின் பக்கம் நின்றது. 1645 நவம்பரில் பாராளுமன்றப் படையும் ஸ்காட்லாந்துப் படையும் அதனை முற்றுகையிட்டன. வெளியிலிருந்து பணம் வர வழியில்லை. காவல் நிற்கும் வீரருக்கோ சம்பளம் கொடுத்தாக வேண்டும். சம்பளம் பெறாத வீரன் எவர் வீட்டுக் கதவை உடைப்பான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே, நகரிலிருந்த வெள்ளித் தட்டுகள் வெட்டப்பட்டன. வட்டமாக வெட்டினால் ஓரத்துண்டுகள் வீணாகும். சாய்சதுரத்தில் அக்குறை இல்லை. ஒருபுறம் மன்னரின் முடியும், முப்பது, பன்னிரண்டு, ஒன்பது, ஆறு பென்ஸ் என்னும் மதிப்பும். மறுபுறம் முற்றுகையிடப்பட்ட நகரின் பெயரும் ஆண்டும். சிலவற்றில் பழைய தட்டின் பொன்முலாமும் அரச இலச்சினையும் இன்றும் தெரிகின்றன. எவ்விருந்துகளைக் கண்ட தட்டுகளோ!

ஆளுநர் பெலாசிஸ் பிரபு கத்தோலிக்கர். பின்னர் 1678-இல் பொய்ச் சதிக்குற்றம் சுமத்தப்பட்டு லண்டன் கோபுரத்தில் சிறையிருந்தவர். நகருக்குள் கொள்ளைநோய் புகுந்தபோதும் அவர் பணியவில்லை. ஸ்காட்லாந்துப் படையிடம் தம்மை ஒப்படைத்துவிட்ட மன்னரே சரணடையுமாறு கட்டளையிட்டார். 1646 மே மாதம் நகர வாயில்கள் திறந்தன.

எஞ்சியுள்ள நாணயங்கள் சிலவற்றில் சிறு துளை காணப்படுகிறது. நூலில் கோத்து எவரோ மார்பில் அணிந்திருக்க வேண்டும்.